இடது கால்

மத்திய வீதியில் நஸ்ஹானின் கடையில்
நாலாயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன்.
மண்ணிறம். நுனியில் ஊசித்துளைப் பூ.
"தோல்தான், ஆனா மேலால ஒரு பூச்சு," என்றான்,
தன் பொருளைத் தானே காட்டிக்கொடுக்கும்
அபூர்வ வியாபாரி.

கல்யாண வீட்டுக்கு இது போதும்.
எனக்கு வேண்டியதோ ஜீன்ஸோடு போட ஒன்று.
முட்டியில் வெளுத்த அந்த நீலத்துக்குக் கீழே
புதுச் சப்பாத்து
வங்கி மனேஜரின் காலை வெட்டி
ஒட்டியதுபோல நிற்கிறது.

ஆகவே பழசாக்க வேண்டும்.

வினோதாவின் நகப்பூச்சு அழிக்கும் போத்தல்,
முக்கால் போத்தல், தங்கைக்கு இன்னும் தெரியாது,
பஞ்சில் தோய்த்து வட்டம் வட்டமாய்த் தேய்க்க
பூச்சுக் கரைந்து பஞ்சு தேத்தண்ணி நிறமானது.
கீழே இருந்த தோல் வெளிறிப்போய்
முதன்முதலாகக் காற்றைப் பார்த்தது.
பிறகு உப்புத்தாள். நுனியில் மெல்ல,
குதியில் கொஞ்சம் முரட்டுத்தனமாக.
மடிப்புகளில் கறுப்புப் பொலிஷைத் திணித்துத் துடைத்தேன்:
பத்து வருஷ அழுக்கு, பத்து நிமிஷத்தில்.

இதில் ஒரு சிக்கல் உண்டு.
சப்பாத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்பது
அதைப் போட்டவன் எங்கெங்கே போனான் என்பது.

உப்புத்தாளும் கையுமாக யோசித்தேன்.
வலதின் வெளி விளிம்பு தேயட்டும்,
உவர்மலை ஏற்றத்தில் அவசரமாய் ஏறியவன் இவன்.
நுனியில் ஒரு கீறல்,
கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன்
பாதை வரும்மட்டும் துறையில் நின்று
கல்லைத் தட்டித் தட்டி வந்தது.
குதிக்கு மேலே ஒரு சுருக்கம்,
சாவடியில் கழற்றச் சொன்னபோது
லேஸை அவிழ்க்காமலே இழுத்தது.
கள்ள அத்தாட்சிப்பத்திரம் எழுதுகிறவன் மாதிரி
திகதி பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

அந்த நாளில் பாதைக்கும் சாவடிக்கும்
நான் போனது பாட்டாச் செருப்போடு.
அறுந்த வாருக்கு அடியில் ஊசி குத்தியிருந்தது.
அது தேய்ந்ததை அழகென்று
ஒருவரும் சொன்னதில்லை.

இடதைத் தொடங்கவில்லை. களைப்பு.
இரண்டையும் குட்டை மதிலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிய, இடதைக் காணவில்லை.
ஒழுங்கையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளிமான். இந்த ஊர் மான்,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்று
லொறிக்கும் வழிவிடாத வர்க்கம்.
என் சப்பாத்தை நக்கிக்கொண்டு நின்றது.
பல்லால் கரண்டியது, குளம்பால் ஒரு புரட்டு,
மறுபடி நக்கல். எந்த உப்பைக் கண்டதோ.
சூ என்றேன்.
நிமிர்ந்து பார்த்தது,
பாதிச் சுவரில் வேலையை நிறுத்தச் சொன்னால்
மேசன் பார்ப்பானே, அப்படி.

நக்கின இடமெல்லாம் ஈரத்தில் கறுத்து
காயக் காயத் தேன் நிறமானது.
குதியில் இரண்டு பல்தடம்.
பக்கவாட்டில் குளம்பின் பிறை.
எங்கே வைப்பதென்று ஒரு கணம் யோசித்திராது,
ஒன்றும் பிழைக்கவில்லை.
வலதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அழகுதான்.
பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்கு வந்தவனின் அழகு.

சனிக்கிழமை ஜீன்ஸின் விளிம்பை ஒரு மடிப்பு மடித்து
டச்சு வளைகுடாவுக்குப் போனேன்.
ஜெறோம் குனிந்து பார்த்தான்,
நேரமெடுத்துப் பார்த்தான்.
"இடது நல்லாப் பழகின சப்பாத்து மச்சான்.
வலதை எப்ப வாங்கினாய்?"

கச்சான் வாங்கித் தின்றோம்.
மணலோரம் கோட்டை வாசல்வரை நடந்து திரும்பினோம்.
இரண்டும் ஒரே மாதிரிக் கடித்தன.
மானும் நானும் அவ்வளவு பாடுபட்டும்
என் குதிகாலுக்கு மட்டும் அவை
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்ப் புதுசு.